மகளை எச்.ஆர். படிக்க வைக்கலாமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்

(வட்டாரக் கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் நமது களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம். ஊக்குநர்கள் தங்கள் குழுக் கூட்டத்தில் இதை வாசித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறோம்.)



கொஞ்ச நாளாக எந்தக் குழுவுக்குப் போனாலும் ஒரு கேள்வி வருகிறது. "மேடம், பொண்ணு பி.காம். முடிச்சிட்டா. எம்.பி.ஏ. எச்.ஆர். படிக்கணும்னு நிக்கிறா. மூணு லட்சத்துக்கு மேல ஆகுமாம். படிக்க வைக்கலாமா, வேண்டாமா?" சில குழுக்களில் இதற்காக உள்கடன் கேட்டுத் தீர்மானப் புத்தகம் வரைக்கும் வந்துவிட்டது. அதனால்தான் தலைவி அம்மா, "இதைப் பத்தி எல்லாருக்கும் பொதுவா ஒருமுறை பேசிடுங்க" என்று சொன்னார்கள்.

இந்தக் கேள்விக்கு ஊரில் இரண்டு பதில் தயாராக இருக்கிறது. ஒன்று, "பொட்டப்புள்ளைக்கு இவ்வளவு செலவு எதுக்கு? அந்தக் காசுக்கு நகை எடுத்து வச்சா கல்யாணத்துக்கு ஆகும்." இன்னொன்று, "படிப்புன்னா யோசிக்கவே கூடாது. கடனை உடனை வாங்கியாவது சேர்த்து விடு." இரண்டு பதிலிலும் கணக்கு இல்லை.

நாம் கறவை மாட்டுக் கடன் வாங்கும்போது அப்படிச் செய்வதில்லை. மாடு எத்தனை லிட்டர் கறக்கும், எத்தனை மாதம் பால் வற்றி நிற்கும், தீவனத்துக்கு என்ன ஆகும், இன்சூரன்ஸ் உண்டா, சொசைட்டியில் லிட்டருக்கு என்ன விலை என்று எல்லாம் கேட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறோம். மாட்டுக்குப் போடுகிற கணக்கை மகளின் படிப்புக்கும் போட்டால் தப்பில்லை. படிப்பு பெரியதுதான். அதனால்தான் கணக்கும் சரியாக இருக்க வேண்டும்.

எச்.ஆர். வேலை என்றால் என்ன?

எச்.ஆர். என்றால் மனிதவளம். ஒரு கம்பெனியில் ஆள் எடுப்பது, வருகைப் பதிவு, சம்பளம், லீவு, பி.எஃப்., இ.எஸ்.ஐ., பயிற்சி, குறை கேட்பது, ஆளை நிறுத்துவது வரைக்கும் பார்க்கிற பிரிவு அது.

நமக்கு இது புது விஷயம் இல்லை. வேடசந்தூர் பக்கம் மில்லுக்கும், கரூர் கம்பெனிகளுக்கும், திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் போய் வந்த அக்காமார் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். பி.எஃப். பணம் எடுக்கப் போனபோது, "ஆதார்ல ஒரு பேரு, இங்க ஒரு பேரு, மாத்திட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பினார்களே, அது அந்தப் பிரிவின் வேலை. சம்பளச் சீட்டில் பிடித்தம் என்னவென்று கேட்கப் போனால் பதில் சொல்ல வேண்டியதும் அவர்கள்தான். 10 பேர், அதற்கு மேல் வேலை பார்க்கிற இடத்தில் பெண்களுக்குப் பாலியல் தொல்லை நடந்தால் விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்று 2013-ல் சட்டம் வந்தது. அந்தக் குழுவை அமைத்து நடத்துகிற பொறுப்பும் பெரும்பாலும் இந்தப் பிரிவின் தலையில்தான் வரும்.

ஆக, அந்த மேசைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவர்கள் நீங்கள். உங்கள் மகள் அந்தப் பக்கம் உட்காரப் போகிறாள். வியர்வையோடு வந்து நிற்கிற ஒரு பெண்ணிடம் எப்படிப் பேச வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் பிள்ளைகள் இந்த வேலைக்குப் போவதில் எனக்கு ஆசை இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் எச்.ஆர். என்று போர்டு போட்ட எல்லா வேலையும் ஒன்று இல்லை. தொழிற்சாலை எச்.ஆர். என்றால் தொழிலாளர் சட்டம், பதிவேடு, இன்ஸ்பெக்டர், ஷிப்ட் என்று போகும். ஐ.டி. கம்பெனி எச்.ஆர். என்றால் ஆங்கிலம் நன்றாகப் பேச வேண்டும். மூன்றாவது, ஆள் பிடித்துக் கொடுக்கிற கன்சல்டன்சி வேலை. நாள் முழுக்க போனில் பேச வேண்டும்; மாதம் இத்தனை பேரைச் சேர்த்துவிட வேண்டும் என்று டார்கெட் இருக்கும். பல கல்லூரிகள் "எங்க மாணவிகளுக்கு எச்.ஆர். வேலை கிடைச்சிருக்கு" என்று சொல்வதில் இந்த மூன்றாவது வேலையும் சேர்ந்திருக்கும். அதற்கு எம்.பி.ஏ. கட்டாயம் இல்லை. பி.காம்., பி.ஏ. படித்தவர்களையே எடுக்கிறார்கள்.

சட்டத்தோடு சம்பந்தப்பட்ட ஒரு வேலையையும் சொல்கிறேன். நலவாழ்வு அலுவலர், வெல்பேர் ஆபீசர் என்பார்கள். 1948-ம் வருடத்துத் தொழிற்சாலைகள் சட்டம், 500 தொழிலாளர்களோ, அதற்கு மேலோ இருக்கிற தொழிற்சாலையில் இவர் இருக்க வேண்டும் என்றது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. அதில் இந்த எண்ணிக்கை 250 ஆகக் குறைந்திருக்கிறது. அதாவது, இன்னும் பல மில்லுகளுக்கு இப்படி ஒருவர் தேவைப்படும். இந்த வேலைக்கு எந்தப் படிப்பு செல்லும் என்று அரசு விதியில் இருக்கும். "இந்தப் படிப்பு வெல்பேர் ஆபீசர் வேலைக்குச் செல்லுமா?" என்று சேரும் முன்னாலேயே கேட்டுவிட வேண்டும்.

போக நாலு வழி இருக்கிறது

எச்.ஆர். என்றாலே எம்.பி.ஏ. என்று நினைக்கிறோம். அது ஒரு வழிதான்.

முதல் வழி, எம்.பி.ஏ. இரண்டு வருடம். இதில் மனிதவளத்தைச் சிறப்புப் பாடமாக எடுப்பார்கள். அண்ணா பல்கலைக்கழகம் நடத்துகிற டான்செட் நுழைவுத் தேர்வு எழுதி, ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் போனால் அரசு ஒதுக்கீட்டு இடம் கிடைக்கும். தனியார் கல்லூரியாக இருந்தாலும் அந்த இடத்துக்குக் கட்டணம் குறைவு. நேராகக் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தால் மேனேஜ்மென்ட் கோட்டா, கட்டணம் கூடும். ஒரே வகுப்பு, ஒரே வாத்தியார், ஒரே சர்டிபிகேட். ஒருத்தி டான்செட் எழுதிக் கலந்தாய்வில் வந்தாள், ஒருத்தி நேராக வந்தாள், அவ்வளவுதான் வித்தியாசம். அதனால் மூன்றாம் வருடம் படிக்கும்போதே, பொங்கல் முடிந்த கையோடு டான்செட் தேதியை விசாரிக்கச் சொல்லுங்கள். ரிசல்ட் வந்த பிறகு யோசித்தால் மேனேஜ்மென்ட் கோட்டாதான் மிச்சம் இருக்கும்.

இரண்டாவது வழி, எம்.எஸ்.டபிள்யூ. சமூகப்பணி முதுகலை. நான் படித்ததும் இதுதான். பல கல்லூரிகளில் இதற்குள்ளேயே சமுதாய மேம்பாடு, மருத்துவம் மற்றும் மனநலம், மனிதவளம் என்று பிரிவு உண்டு. நான் சமுதாய மேம்பாடு எடுத்ததால் உங்களிடம் வந்தேன். மனிதவளம் எடுத்தவர்கள் மில்லுக்கும் கம்பெனிக்கும் போனார்கள். இதில் வாரத்தில் சில நாள் களப்பணி உண்டு. இரண்டு வருடமும் தொழிற்சாலைக்குள் போய்ப் பழகுவதால், தொழிற்சாலை எச்.ஆர். வேலைக்கு இது நல்ல வழி.

மூன்றாவது வழி, தொழிலாளர் நிர்வாகம், மனிதவள மேலாண்மை என்ற பெயர்களில் உள்ள எம்.ஏ. படிப்புகளும் பட்டயப் படிப்புகளும். சென்னையில் தமிழக அரசின் தொழிலாளர் துறை நடத்துகிற கல்வி நிலையத்திலேயே தொழிலாளர் மேலாண்மையில் பி.ஏ., எம்.ஏ. இருக்கிறது, வேலை பார்த்துக்கொண்டே படிக்கிற பட்டயப் படிப்பும் இருக்கிறது. வெல்பேர் ஆபீசர் வேலைக்கு நினைக்கிற பிள்ளைகள் அங்கே விசாரிக்கலாம்.

நாலாவது வழி, முதலில் வேலை, பிறகு படிப்பு. பி.காம். முடித்த பெண் ஒரு மில்லின் டைம் ஆபீசிலோ, சம்பளக் கணக்குப் பிரிவிலோ உதவியாளராகச் சேருகிறாள். ஒரு வருடம் வேலை பார்க்கிறாள். பிடித்திருந்தால், வேலையில் இருந்தபடியே இக்னோ, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் மாதிரி இடத்தில் தொலைநிலைக் கல்வியில் படிக்கிறாள். பிடிக்காவிட்டால் மூன்று லட்சம் தப்பியது. தொலைநிலைப் படிப்பு என்றால் யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அந்த வருடத்துக்கு அந்தப் படிப்பை அனுமதித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும்.

செலவுக் கணக்கு

இப்போது நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லும் எண்கள் உதாரணத்துக்கு. உங்கள் வீட்டுக் கணக்கில் உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு பெண் பி.காம். முடித்திருக்கிறாள். உள்ளூர் மில் ஆபீசில் மாதம் 12,000 ரூபாய்க்கு வேலை இருக்கிறது. அதற்குப் போகாமல், வெளியூரில் தனியார் கல்லூரியில் எம்.பி.ஏ. சேருகிறாள் என்று வைப்போம்.

கல்லூரிக் கட்டணம் வருடம் 1,00,000 வீதம் இரண்டு வருடத்துக்கு 2,00,000.
விடுதி, சாப்பாடு மாதம் 6,000 வீதம் 20 மாதத்துக்கு 1,20,000.
பரீட்சைக் கட்டணம், புத்தகம், ப்ராஜெக்ட், துணிமணி, ஊருக்கு வந்துபோக 30,000.
ஆக 3,50,000.

எல்லோரும் இங்கே நிறுத்திவிடுவார்கள். நாம் நிறுத்தக் கூடாது. அந்தப் பெண் வேலைக்குப் போயிருந்தால் வந்திருக்கக் கூடிய சம்பளம் ஒன்று இருக்கிறதே? 12,000-ல் பஸ், சாப்பாடு என்று 3,000 கழித்தால் கையில் 9,000. இரண்டு வருடத்துக்கு 2,16,000. வீட்டிலிருந்து வெளியே போகாவிட்டாலும் இதுவும் செலவுதான். நிலத்தை இரண்டு போகம் தரிசாகப் போட்டால் நஷ்டம் இல்லை என்று சொல்வோமா?

மூன்றாவது, வட்டி. 3,00,000 ரூபாய் பேங்க் கல்விக் கடன், வருடத்துக்கு 10 சதவீத வட்டி என்று வையுங்கள். முதல் வருடம் ஒன்றரை லட்சம், இரண்டாம் வருடம் ஒன்றரை லட்சம் தருகிறார்கள். படிக்கிற இரண்டு வருடமும், முடித்து ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும். அந்த வட்டி மட்டும் 75,000. கட்ட ஆரம்பிக்கும்போது கடன் 3,75,000 ஆகியிருக்கும். ஐந்து வருடத்தில் அடைப்பதென்றால் மாதத் தவணை சுமார் 8,000. மொத்தம் கட்டுவது சுமார் 4,78,000. அதில் வட்டி மட்டும் 1,78,000.

மூன்றையும் கூட்டுங்கள். 3,50,000, 2,16,000, 1,78,000. மொத்தம் 7,44,000. "மூணு லட்சப் படிப்பு" என்று பேசிய படிப்பின் நிஜ விலை ஏழரை லட்சத்தை ஒட்டி வருகிறது.

பயப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை. இதே பெண் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வருகிற தூரத்தில், வருடம் 20,000 கட்டணத்தில் ஒரு எம்.எஸ்.டபிள்யூ. இடம் பிடித்தால், கட்டணம் 40,000, பஸ்ஸும் மதியச் சாப்பாடும் 30,000, மற்ற செலவு 30,000. ஒரு லட்சத்தில் முடிந்துவிடும். விட்டுப்போன சம்பளம் மட்டும்தான் மேற்கொண்டு. அரசு கல்லூரி, அரசு உதவி பெறும் கல்லூரி, பல்கலைக்கழகத் துறை இவற்றில் கட்டணம் குறைவாக இருக்கும். ஆனால் உதவி பெறும் கல்லூரிக்குள்ளேயே சுயநிதிப் பிரிவு தனியாக உண்டு. "இது எய்டடா, செல்ஃபா?" என்று வாய் திறந்து கேட்டுவிடுங்கள்.

வரவுக் கணக்கு

வரவு என்பது படித்த பிறகு வாங்குகிற முழுச் சம்பளம் இல்லை. படித்ததால் கூடுதலாக வருகிற சம்பளம்தான் வரவு. படிக்காமல் அதே மில்லில் இருந்திருந்தாலும் இரண்டு வருடத்தில் 12,000 ஏறி 14,500 ஆகியிருக்கும் என்று வைப்போம்.

படிப்பு முடிந்து 25,000-க்கு வேலை கிடைத்தால், கூடுதல் வரவு மாதம் 10,500. வருடத்துக்கு 1,26,000. போட்ட 7,44,000 ஆறு வருடத்தில் திரும்பிவிடும். அதற்குப் பிறகு வருவதெல்லாம் லாபம். நல்ல முதலீடு.

18,000-க்கு வேலை கிடைத்தால், கூடுதல் மாதம் 3,500தான். வருடத்துக்கு 42,000. போட்டதை எடுக்க 17 வருடத்துக்கு மேல் ஆகும். அதுவும் அவள் வெளியூர் விடுதியில் தங்கி மாதம் 7,000 செலவழித்து, 8,000 தவணை கட்டினால், கையில் நிற்பது 3,000.

எச்.ஆர். வேலையே கிடைக்காமல் பழைய மாதிரி 14,500 வேலைக்கே திரும்பினால், கூடுதல் வரவு ஒன்றும் இல்லை. ஆனால் தவணை 8,000 மாதாமாதம் வந்து நிற்கும்.

எச்.ஆரில் அனுபவம் கூடக் கூடச் சம்பளம் ஏறும், அது உண்மை. சட்டம் தெரிந்தவர், ஆட்களைக் கையாளத் தெரிந்தவர் மேலே போவார்கள். அதனால் நான் சொன்ன வருடங்கள் கொஞ்சம் முன்பின் ஆகலாம். ஆனால் ஒன்று மாறாது. மூன்று பேருக்கும் படிப்பு ஒன்று, சர்டிபிகேட் ஒன்று, கடனும் ஒன்று. கடைசியில் எந்த வேலை கிடைத்தது என்பதுதான் மூன்று பேருக்கும் வேறு. அதனால் நாம் விலை விசாரிக்க வேண்டியது படிப்பின் பெயரை இல்லை, அந்தக் கல்லூரியிலிருந்து எந்த வேலைக்குப் போகிறார்கள் என்பதை.

எந்தக் கடனை வாங்குவது?

கடன் வாங்கும்போது அது எப்போது திரும்பும் என்று பார்த்து வாங்க வேண்டும். மாடு வாங்கினால் அடுத்த மாதமே பால் வரும், தவணை கட்டலாம். படிப்பு இரண்டு வருடத்துக்குப் பிறகுதான் கறக்கும். வாரத் தவணை வசூலிக்கிற நுண்கடன் கம்பெனியில் வாங்கிக் கல்லூரிக் கட்டணம் கட்டினால், அடுத்த வாரமே ஆள் வாசலில் நிற்பார். எதிலிருந்து கட்டுவீர்கள்? இந்தக் காரியத்துக்கு நுண்கடன் வேண்டவே வேண்டாம்.

குழுவின் உள்கடனும் பெரிய தொகைக்குச் சரிவராது. நூற்றுக்கு 2 ரூபாய் வட்டி என்றால் வருடத்துக்கு 24 சதவீதம். ஒருவருக்கே மொத்தப் பணமும் போய்விட்டால், ஆஸ்பத்திரிச் செலவுக்கு வருகிற உறுப்பினருக்கு எங்கே போவது? டான்செட் விண்ணப்பக் கட்டணம், விடுதி முன்பணம், பரீட்சைக் கட்டணம் போன்ற சின்னச் செலவுகளுக்கு உள்கடன் நல்ல உதவி. அந்த அளவில் வைத்துக்கொள்வோம்.

பெரிய தொகைக்கு பேங்க் கல்விக் கடன்தான் வழி. வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். 4 லட்சம் வரைக்கும் சொத்து அடமானம் கேட்பதில்லை. ஆனால் அம்மாவோ அப்பாவோ இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கடன் உங்கள் பெயரிலும் பதிவாகும். நாளைக்கு நீங்கள் வேறு கடன் கேட்டால், மகளின் தவணை பாக்கி பேங்கில் தெரியும். கையெழுத்து சும்மா சாட்சிக்கு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மத்திய அரசின் வட்டி மானியத் திட்டமும் உண்டு. குடும்ப வருமானம் வருடத்துக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தொழிற்படிப்புக்கு, படிக்கிற காலமும் அதற்குப் பிறகு ஒரு வருடமும் வட்டியை அரசு கட்டும். நாம் போட்ட கணக்கில் அந்த 75,000 அப்படியே குறையும். ஆனால் கல்லூரி நாக் அங்கீகாரமோ, படிப்பு என்.பி.ஏ. அங்கீகாரமோ பெற்றிருக்க வேண்டும். ஒருவருக்கு ஒருமுறைதான் கிடைக்கும். இளங்கலையில் வாங்கியிருந்தால் முதுகலைக்கு இல்லை.

எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு, குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் அது கிடைக்காது. பணத்தைக் கட்டிச் சேர்ந்த பிறகு இது தெரிந்து பிரயோஜனம் இல்லை. பி.சி., எம்.பி.சி. பிள்ளைகளுக்கும் உதவித்தொகை இருக்கிறது, விதி வேறு. கலெக்டர் ஆபீசில் அந்தந்தத் துறையில் கேட்கலாம். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வாங்குகிற பிள்ளைகள் கவனியுங்கள், அது முதல் பட்டம் முடியும் வரைக்கும்தான். முதுகலைக்கு வராது.

கல்லூரியில் கேட்க வேண்டியவை

மே மாதம் வந்தால் ஊருக்குள் ஏஜென்ட் வருவார். "சீட் இன்னும் ரெண்டுதான் இருக்கு, இன்னிக்கே அஞ்சாயிரம் கட்டுங்க" என்பார். ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது. அவரிடம் ஒரு ரூபாயும் தராமல், மகளும் நீங்களும் நேரில் போங்கள். படிக்காதவர்கள் என்று கூச்சப்பட வேண்டாம். பணம் கட்டப் போவது நாம். இந்தக் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

1. இந்தப் படிப்பு எந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது? எம்.பி.ஏ. என்றால் ஏ.ஐ.சி.டி.இ. அனுமதி இருக்கிறதா? (இதை ஏ.ஐ.சி.டி.இ. இணையதளத்திலும் மகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.)

2. இரண்டு வருடத்துக்கும் சேர்த்து மொத்தம் எவ்வளவு? எழுதித் தருவீர்களா? ரசீது உண்டா?

3. போன வருடம் எச்.ஆர். எடுத்துப் படித்தவர்கள் எத்தனை பேர்? அதில் எத்தனை பேர் எச்.ஆர். வேலைக்குப் போனார்கள்? எந்தக் கம்பெனி, என்ன சம்பளம்?

4. அவர்களில் இரண்டு மூன்று பெண்களோடு போனில் பேச ஏற்பாடு செய்வீர்களா?

5. இரண்டு வருடத்தில் எத்தனை நாள் கம்பெனிக்குள் பயிற்சி? அதைக் கல்லூரி ஏற்பாடு செய்யுமா, பிள்ளையே தேட வேண்டுமா?

6. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளைப் பாடத்தில் சேர்த்துவிட்டீர்களா? பி.எஃப்., இ.எஸ்.ஐ. கணக்கைக் கம்ப்யூட்டரில் செய்து பழக்குவீர்களா?

7. இடையில் நின்றால் கட்டணம் எவ்வளவு திரும்பும்?

மூன்றாவது, நாலாவது கேள்விக்கு நேரான பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். சுவரில் ஒட்டியிருக்கிற போட்டோக்களைக் காட்டுவார்கள். அது எந்த வருடத்துப் போட்டோ என்று கேளுங்கள்.

இன்னொன்று. ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொண்டு, "முழுப் பணமும் கட்டினாத்தான் தருவோம்" என்று சொல்கிற இடங்கள் உண்டு. கல்லூரிகள் அப்படி வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2018-லேயே யு.ஜி.சி. அறிவித்திருக்கிறது. சரிபார்த்துவிட்டு அன்றைக்கே திருப்பித் தர வேண்டும். நகல் மட்டும் கொடுங்கள்.

வீட்டில் கேட்க வேண்டியது

கல்லூரியில் கேட்பது ஒரு பக்கம். வீட்டுக்குள் கேட்க வேண்டியதும் இருக்கிறது, இது கொஞ்சம் கஷ்டமானது.

முதலில் மகளிடம் கேளுங்கள். "உனக்கு இந்த வேலை புடிச்சிருக்கா, இல்ல கூடப் படிச்ச பொண்ணு சேர்றான்னு சேர்றியா?" எச்.ஆர். வேலையில் நாள் முழுக்க மனுஷங்களோடுதான் பாடு. ஆள் குறைப்பு என்றால் அந்தச் செய்தியை ஒரு குடும்பத்தலைவனிடம் சொல்ல வேண்டியவளும் அவள்தான். சேருவதற்கு முன் ஒரு மாதமாவது ஒரு ஆபீசில், டைம் ஆபீசில் வேலை பார்த்து வரட்டும். அதைவிட நல்ல பரீட்சை கிடையாது.

அடுத்து, நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் உட்கார்ந்து பேச வேண்டும். படித்து முடித்து ஓசூரிலோ, ஸ்ரீபெரும்புதூரிலோ, கோயம்புத்தூரிலோ வேலை கிடைத்தால் அனுப்புவீர்களா? "படிக்கட்டும், வேலைக்கு வெளியூர் எல்லாம் அனுப்ப மாட்டோம்" என்று பல வீட்டில் மனசுக்குள் முடிவு இருக்கிறது. அப்படியென்றால், உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய் வருகிற தூரத்தில் எத்தனை மில், எத்தனை கம்பெனி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒரு மில்லுக்கு எச்.ஆர். பிரிவில் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள். அந்த இடம் காலியாகும் வரை மகள் வீட்டில் இருப்பாள், வட்டி ஏறும். வெளியூர் அனுப்பும் மனசு இல்லாமல் வெளியூர் வேலைக்கான படிப்புக்குக் கடன் வாங்குவது, தண்ணீர் இல்லாத காட்டில் நெல் நடுகிற மாதிரி. பாதுகாப்பு பற்றிய பயம் நியாயம்தான். அதற்குத்தான் வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதிகள் இருக்கின்றன. தமிழக அரசின் தோழி விடுதிகள் பல ஊர்களில் வந்திருக்கின்றன. போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கல்யாணப் பேச்சும் இதில் வருகிறது. படிப்பு முடிந்ததும் கல்யாணம், மாப்பிள்ளை வீட்டில் வேலைக்கு வேண்டாம் என்றால், தவணை யார் கட்டுவது? மகள் பெயரில் உள்ள கடனை உங்கள் கூலியில் கட்டுவீர்கள். வரன் பார்க்கும்போதே, "எங்க பொண்ணு வேலைக்குப் போவா, கடன் இருக்கு, அவ சம்பளத்துல அவளே கட்டுவா" என்று சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டு ஓடுகிற மாப்பிள்ளை ஓடட்டும்.

படிப்புக்கு ரூபாயில் எழுத முடியாத வரவும் உண்டு. தனியாக ஒரு ஊருக்குப் போய், ஒரு வேலையைப் பிடித்து, தன் பெயரில் பேங்க் கணக்கு வைத்து நிற்கிற பெண்ணிடம் யாரும் சுலபமாகக் கை ஓங்க முடியாது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தைரியம் வேலையிலிருந்தும் சம்பளத்திலிருந்தும் வருகிறது. அடைக்க முடியாத கடன் வந்தால் அந்தத் தைரியத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விடும்.

என்ன செய்யலாம்?

படிக்க வைக்காதீர்கள் என்று நான் சொன்னதாக யாரும் வெளியே போய்ச் சொல்லிவிடாதீர்கள். படிக்க வையுங்கள். டான்செட் எழுதி அரசு ஒதுக்கீட்டில் கிடைத்தால், கல்லூரி வேலை வாங்கித் தருகிற கல்லூரி என்று தெரிந்தால், மகள் வெளியூர் போக நீங்கள் சம்மதித்தால், பேங்க் கடன் வாங்கித் தைரியமாகச் சேருங்கள். குறைந்த கட்டணத்தில் எம்.எஸ்.டபிள்யூ. கிடைத்தால் அதையும் ஒரு படி கீழே என்று நினைக்க வேண்டாம். இரண்டும் இல்லாமல் மேனேஜ்மென்ட் கோட்டா ஒன்றுதான் வழி என்றால், ஒரு வருடம் பொறுங்கள். அந்த ஒரு வருடம் மகள் வேலைக்குப் போகட்டும், அடுத்த டான்செட்டுக்குப் படிக்கட்டும். ஒரு வருடம் தாமதமானால் ஒன்றும் கெட்டுப்போகாது.

குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள். படிப்புக்காகக் கடன் கேட்டு வருகிற உறுப்பினரிடம் "முடியாது" என்றும் சொல்ல வேண்டாம், உடனே "சரி" என்றும் சொல்ல வேண்டாம். செலவு, விட்டுப்போகிற சம்பளம், வட்டி, கூடுதல் வரவு என்ற இந்த நாலு வரியையும் அவருடன் உட்கார்ந்து நோட்டில் எழுதுங்கள். எழுதத் தெரியாத அக்காவுக்கு ஊக்குநர் எழுதிக் கொடுங்கள். கூடவே அந்த மகளையும் கூட்டத்துக்கு வரச் சொல்லுங்கள். தன் படிப்புக்கு அம்மா என்ன கட்டப் போகிறாள் என்று அந்தப் பிள்ளைக்கும் தெரியட்டும். கல்லூரிக்கு நேரில் போகும்போது துணைக்கு ஆள் வேண்டுமென்றால் கூட்டமைப்பு அலுவலகத்தில் சொல்லுங்கள், நானோ வேறு பணியாளரோ கூட வருகிறோம்.